மலைக்கோயிலும் மண்சுவர் வீடும்
(கொரியாவில் ஒரு நாள்)



கொரியா என்ற பெயரைக் கேட்டதும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தொலைக்காட்சித் தொடர்களும் பாடல்களும் நினைவுக்கு வரும். பெரியவர்களுக்கு அந்நாட்டுக் கார்களும் கைப்பேசிகளும் நினைவுக்கு வரும். முதியவர்களோ 1950ஆம் ஆண்டில் தொடங்கி 1953 வரை நடந்த கொடிய போரை நினைப்பார்கள். இந்த மூன்றுக்கும் முன்னே, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக, மரத்தையும் மண்ணையும் கல்லையும் கொண்டு அந்த மக்கள் கட்டி வாழ்ந்த வாழ்க்கை ஒன்று உண்டு. அதன் அடையாளங்கள் இன்னும் மலையடிவாரங்களிலும் ஆற்றங்கரைகளிலும் நின்றுகொண்டிருக்கின்றன. அவற்றுள் இரண்டைத்தான் இன்று நாம் மனத்தால் சென்று காணப் போகிறோம்.

நாம் செல்லும் ஊர் ஆண்டோங். தென்கொரியாவின் தென்கிழக்குப் பகுதியில், நாக்டோங் ஆற்றின் கரையில் அமைந்த பழைய நகரம் அது. தலைநகராகிய சோலிலிருந்து 2021ஆம் ஆண்டு சனவரி முதல் விரைவு இரயில் ஓடுவதால், ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் ஆண்டோங் போய்ச் சேர்ந்து விடலாம். காலையில் பொங்ஜொங்சா என்னும் மலைக்கோயில். பிற்பகலில் ஹாஹுவே என்னும் பழைய கிராமம். இரண்டும் ஆண்டோங் நகரின் எல்லைக்குள்ளேயே இருக்கின்றன. ஒரு பகற்பொழுதில் இரண்டையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

பார்க்கப் போகும் இடங்களின் அழகை மட்டும் சொல்லி முடிப்பது நம் நோக்கமன்று. இவற்றைக் கட்டியவர்கள் யார்? இவற்றில் வாழ்ந்தவர்கள் யார்? எத்தனையோ போரும் நெருப்பும் வந்துபோன நாட்டில் இவை எப்படித் தப்பி நின்றன? இந்த மூன்று கேள்விகளையும் கையில் பிடித்துக்கொண்டே நடப்போம்.

மலைமேல் ஏன் கோயில்?

முதலில் ஒரு செய்தி. கொரிய மொழியில் 'சா' என்று முடியும் பெயர்கள் பெரும்பாலும் புத்தக் கோயில்களின் பெயர்கள். பொங்ஜொங்சா, புசொக்சா, ஹேயின்சா என்றெல்லாம் கேட்டால், அவை பௌத்தத் துறவிகள் வாழும் மடங்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

பௌத்தம் இந்தியாவில் பிறந்து, மத்திய ஆசியா வழியாகவும் கடல் வழியாகவும் சீனாவுக்குச் சென்று, அங்கிருந்து கொரியாவுக்கு வந்தது. அக்காலத்தில் கொரியா மூன்று அரசுகளாக இருந்தது. வடக்கே இருந்த கொகுர்யோ அரசுக்கு கி.பி. 372இல் பௌத்தம் வந்தது. மேற்கே இருந்த பெக்ஜே அரசுக்கு 384இல் வந்தது. பெக்ஜே நாட்டுக்கு அதைக் கொண்டு வந்த மாலானந்தா என்னும் துறவி இந்தியாவைச் சேர்ந்தவர் என்று ஒரு பழைய கொரிய நூல் கூறுகிறது. கிழக்கே இருந்த சில்லா அரசு 527ஆம் ஆண்டில்தான் அதை ஏற்றுக்கொண்டது. பின்னர் எட்டாம் நூற்றாண்டில் ஹியேச்சோ என்ற இளந்துறவி, சில்லா நாட்டில் பிறந்தவர், புத்தர் பிறந்த மண்ணைக் காண விரும்பி இந்தியாவுக்கே பயணம் செய்தார். அவர் எழுதிய பயணக் குறிப்பு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மறைந்து கிடந்து, 1908இல் சீனாவின் துன்ஹுவாங் குகையில் கிடைத்தது. இந்த ஏட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எழுதி வைத்த தாள் எத்தனை காலம் கழித்தும் பேசும் என்பதை இன்னும் இருமுறை பார்க்கப் போகிறோம்.

சில்லா அரசர்களும், அவர்களுக்குப் பின் வந்த கொர்யோ அரசர்களும் பௌத்தத்தை ஆதரித்தார்கள். நகரங்களிலும் கோயில்கள் இருந்தன, மலைகளிலும் இருந்தன. 1392இல் சோசொன் அரசு தோன்றியதும் காற்று திசை மாறியது. புதிய அரசர்கள் கன்பூசியஸ் என்ற சீன அறிஞரின் நெறியைப் பின்பற்றினார்கள். கோயில் நிலங்கள் பறிக்கப்பட்டன. 1424இல், சேஜோங் அரசர் காலத்தில், பல பிரிவுகளாக இருந்த பௌத்தம் இரண்டே பிரிவுகளாகச் சுருக்கப்பட்டது. அரசு ஏற்றுக்கொண்ட கோயில்கள் முப்பத்தாறு மட்டுமே. துறவிகள் தலைநகருக்குள் நுழையக் கூடாது என்ற தடையும் வந்தது. அந்தத் தடை 1895இல்தான் நீங்கியது. நகரத்துக் கோயில்கள் அழிந்தன. எட்டாத மலைகளில் இருந்தவை மட்டும் பிழைத்துக்கொண்டன. 'மலைக்கோயில்' என்பது கொரியாவில் பௌத்தத்தின் மறுபெயர் போல ஆனதற்கு இதுவே காரணம். அப்படி இடைவிடாமல் வாழ்ந்துவந்த மலைமடங்களில் ஏழினை யுனெஸ்கோ நிறுவனம் 2018ஆம் ஆண்டு உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. அந்த ஏழில் ஒன்றுதான் நாம் காணப் போகும் பொங்ஜொங்சா.

பொங்ஜொங்சாவின் முற்றம்

சொன்துங்சான் என்னும் மலை. 'விண்விளக்கு மலை' என்று அதற்குப் பொருள். மிக உயர்ந்த மலையன்று. அறுநூறு மீட்டருக்கும் குறைவுதான். பைன் மரங்கள் அடர்ந்த பாதையில் மெல்ல ஏறுகிறோம். இக்கோயிலை 672ஆம் ஆண்டில் நுங்-இன் என்னும் துறவி நிறுவினார். இவர் உய்சாங் என்ற புகழ்பெற்ற ஞானியின் மாணவர். காகிதத்தால் ஒரு தெய்வப் பறவையைச் செய்து பறக்க விட்டதாகவும், அது வந்து தங்கிய இடத்தில் கோயில் எழுந்ததாகவும் ஒரு கதை சொல்கிறார்கள். 'பறவை தங்கிய கோயில்' என்பதே பொங்ஜொங்சா என்ற பெயரின் பொருள்.

கோயிலுக்கு முன்னால் மான்சேரு என்ற மரமண்டபம் உயர்ந்த தூண்களின்மேல் நிற்கிறது. அதைச் சுற்றிக்கொண்டு போக முடியாது. அதன் அடியிலேயே கற்படிகளில் ஏறி நுழைய வேண்டும். இருட்டான அடித்தளத்திலிருந்து தலையை உயர்த்தினால், வெளிச்சம் நிறைந்த முற்றமும் எதிரே பெரிய மண்டபமும் ஒருங்கே கண்ணில் படும். வருகிறவர் மனம் தானே அடங்கும்படி இந்த வழியை அமைத்திருக்கிறார்கள். கற்படிகள் சீராகச் செதுக்கப்பட்டவையல்ல. மலையில் கிடைத்த கற்களை அப்படியே பொருத்தி வைத்திருக்கிறார்கள். மலையை வெட்டிச் சமப்படுத்தாமல், மலை எப்படிச் சரிந்து கிடக்கிறதோ அப்படியே படிப்படியாகக் கட்டிக்கொண்டு போவது கொரியத் தச்சரின் வழக்கம்.

இந்த வளாகத்தில் நாம் நின்று பார்க்க வேண்டிய கட்டடம் குங்னாக்ஜொன். அமிதாப புத்தருக்கு உரிய மண்டபம் இது. பார்வைக்கு மிக எளியது. முகப்பில் மூன்றே அங்கணம். இரண்டு பக்கமும் சரிந்த கூரை. ஆடம்பரம் ஒன்றும் இல்லை. ஆனால் இன்று கொரியாவில் நிற்கும் மரக்கட்டடங்களிலெல்லாம் மிகப் பழையது இதுதான் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

அது எப்படித் தெரிந்தது என்பது சுவையான கதை. 1950ஆம் ஆண்டுப் போரில் வடகொரியப் படையினர் இக்கோயிலில் தங்கியபோது, கோயிலில் இருந்த நூல்களும் ஏடுகளும் எரிந்து போயின. கோயிலின் வரலாறு கோயிலிலேயே இல்லாமல் போயிற்று. அந்நாளில் நாட்டின் மிகப் பழைய மரக்கட்டடம் புசொக்சா கோயிலின் மண்டபம் என்றே எல்லாரும் எண்ணியிருந்தார்கள். அது 1376இல் திரும்பக் கட்டப்பட்டது. 1972இல் குங்னாக்ஜொன் மண்டபத்தைப் பழுது பார்ப்பதற்காக மரம் மரமாகப் பிரித்தார்கள். அப்போது கூரையின் உத்தரப் பகுதியில் ஓர் எழுத்துக் குறிப்பு அகப்பட்டது. 1363ஆம் ஆண்டு கூரை பழுது பார்க்கப்பட்டது என்று அதில் எழுதியிருந்தது.

சிந்தித்துப் பாருங்கள். பழுது பார்த்தது 1363 என்றால், கட்டியது அதற்கும் நெடுங்காலம் முன்பே இருக்க வேண்டும். நல்ல ஓட்டுக் கூரையைப் பெரிய அளவில் பிரித்துச் செப்பனிட நூறு, நூற்றைம்பது ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிட்டு, இம்மண்டபம் பன்னிரண்டு அல்லது பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்தது என்று அறிஞர்கள் முடிவு செய்தார்கள். அரண்மனை ஏடுகள் சொல்லாத செய்தியை, போர் நெருப்பில் எரிந்த ஏடுகள் சொல்ல முடியாத செய்தியை, பழுது பார்த்த கைகள் கூரைக்குள் விட்டுச்சென்ற சில வரிகள் சொல்லின. இது முதலாவது.

மரமும் தச்சுத் திறனும்

இனி, கட்டடத்தின் வேலைத் திறனைக் கொஞ்சம் பார்ப்போம். தூண்கள் அடியிலும் நுனியிலும் சற்று ஒடுங்கி, நடுவில் இலேசாகப் பருத்திருக்கின்றன. தொலைவிலிருந்து பார்க்கும்போது தூண் நடுவில் ஒட்டியது போன்ற மயக்கம் ஏற்படாமல் இருக்க இந்த ஏற்பாடு. தூணின் தலையில், நம் கோயில் தச்சர் போதிகை என்று சொல்வதைப் போன்ற மரக்கைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. கூரையின் பெரும் பாரத்தை இவை ஏந்தித் தூணுக்குள் இறக்குகின்றன. மரத்தோடு மரத்தை முளையும் துளையுமாகப் பொருத்தியிருக்கிறார்கள். இரும்பு ஆணியை நம்பி நிற்கும் கட்டடமன்று இது. ஆதலால் கழற்றவும் முடியும். உளுத்த துண்டை மாற்றி மறுபடி பூட்டவும் முடியும்.

பக்கத்திலேயே தேவுங்ஜொன் என்ற பெரிய மண்டபம் நிற்கிறது. இது பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இங்கே தூணின் தலையில் மட்டுமல்லாமல், தூணுக்கும் தூணுக்கும் இடையிலும் போதிகை அடுக்குகள் இருக்கின்றன. அதனால் கூரை அகன்று விரிந்து நிற்கிறது. முதல் மண்டபம் கொர்யோ காலத்துக் கைவண்ணம். இரண்டாவது சோசொன் காலத்துக் கைவண்ணம். இரண்டையும் ஒரே முற்றத்தில் நின்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். மாணவர்களுக்கு இதைவிட நல்ல வரலாற்றுப் பாடம் வேண்டுமா?

மரத்தின்மேல் நீலம், சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு ஆகிய ஐந்து நிறங்களில் தீட்டியிருக்கும் கோலங்களைத் தான்சொங் என்கிறார்கள். அழகுக்கு மட்டுமன்று, ஈரத்திலிருந்தும் பூச்சியிலிருந்தும் மரத்தைக் காப்பதற்கும் இந்தப் பூச்சு உதவுகிறது. குங்னாக்ஜொன்னில் பழைய நிறம் மங்கியிருக்கிறது. அந்த மங்கலிலும் ஒரு கண்ணியம் இருக்கிறது.

கொரிய மலைக்கோயில்களில் காலையும் மாலையும் நான்கு கருவிகளை ஒலிப்பது வழக்கம். தோல் முரசு நிலத்தில் வாழும் விலங்குகளுக்காக. மரத்தில் குடைந்த மீன் நீரில் வாழும் உயிர்களுக்காக. மேக வடிவில் வார்த்த உலோகத் தகடு வானத்துப் பறவைகளுக்காக. பெரிய மணி பாதாளத்தில் துன்புறும் உயிர்களுக்காக. எந்த உயிரையும் விட்டுவிடாமல் எழுப்பும் ஒலி அது.

நெருப்பு வந்த நாள்

மரத்தால் கட்டியதற்கு நெருப்பே பெரும் பகை. 1592 முதல் 1598 வரை ஜப்பானியப் படையெடுப்பு நடந்தபோது, நாடெங்கும் பல கோயில்கள் சாம்பலாயின. கைவிடப்பட்டிருந்த துறவிகளே அப்போது, சோசான் என்று அழைக்கப்பட்ட முதிய துறவியின் தலைமையில், ஆயுதம் ஏந்தி நாட்டைக் காக்கப் போரிட்டார்கள். தங்களை நகரத்துக்குள் விடாத அரசுக்காக அவர்கள் உயிரைக் கொடுத்தார்கள் என்பதை வரலாறு மறக்கவில்லை.

அண்மையிலும் ஒரு பேரிடர் வந்தது. 2025ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஆண்டோங்குக்கு அண்டையில் உள்ள உய்சொங் வட்டாரத்தில் பற்றிய காட்டுத்தீ பலத்த காற்றில் பரவியது. உய்சொங்கில் இருந்த கோவுன்சா என்ற பழம்பெரும் கோயில், 681ஆம் ஆண்டு நிறுவப்பட்டது, மார்ச் 25ஆம் நாள் பெரும்பகுதி எரிந்து போயிற்று. தீ ஆண்டோங்கையும் நெருங்கியது. பொங்ஜொங்சாவில் இருந்த சில அரும்பொருள்களை முன்கூட்டியே வேறிடத்துக்குக் கொண்டுபோனார்கள். தீ தாவாமல் இருக்கச் சுற்றியிருந்த மரங்களை வெட்டினார்கள். ஹாஹுவே கிராமத்து வைக்கோல் கூரைகளின்மேல் தீயணைப்பு வீரர்கள் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே இருந்தார்கள். இரண்டும் தப்பின. எட்டு நூற்றாண்டு நின்ற ஒன்று ஒரே இரவில் போய்விடக்கூடும். பழமை தன்னைத் தானே காத்துக்கொள்ளாது. ஒவ்வொரு தலைமுறையும் எழுந்து நின்று காக்க வேண்டியிருக்கிறது.

ஆறு வளைத்த ஊர்

பிற்பகல் ஆயிற்று. மலையிலிருந்து இறங்கி ஹாஹுவே கிராமத்துக்குச் செல்வோம். 'ஆறு சுற்றி வரும் ஊர்' என்பது இப்பெயரின் பொருள். நாக்டோங் ஆறு இந்தக் கிராமத்தை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடுகிறது. எதிர்க்கரையில் புயோங்தே என்ற பாறைமுகடு செங்குத்தாக நிற்கிறது. அதன்மேல் ஏறி நின்றால் கிராமம் முழுவதும் உள்ளங்கையில் வைத்தாற்போலத் தெரியும். இது நீரில் மிதக்கும் படகு போன்ற ஊர் என்று மக்கள் நம்பினார்கள். படகின் அடியைத் துளைக்கக் கூடாது என்று கிணறு தோண்டாமலும், பாரம் ஏற்றக் கூடாது என்று கற்சுவர் எழுப்பாமலும் இருந்தார்களாம். அதனால்தான் இங்கே மதில்கள் பெரும்பாலும் இடித்து இறுக்கிய மண்ணால் ஆனவை.

ரியூ என்ற குடும்பப் பெயர் கொண்டவர்கள் அறுநூறு ஆண்டுகளாக இங்கே வாழ்கிறார்கள். இன்றும் மக்கள் குடியிருக்கும் ஊர் இது, வெறும் காட்சிசாலையன்று. 2010ஆம் ஆண்டு இதையும் யாங்டோங் என்ற மற்றொரு கிராமத்தையும் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. 1999 ஏப்ரல் 21ஆம் நாள், தம்முடைய எழுபத்து மூன்றாம் பிறந்தநாளன்று, பிரிட்டிஷ் அரசியார் இரண்டாம் எலிசபெத் இங்கு வந்தார். சுங்ஹியோதாங் என்ற வீட்டுக்குள் நுழையும்போது அவர் காலணியைக் கழற்றிவிட்டு நுழைந்தது அந்நாளில் பெரிய செய்தியாயிற்று. வாசலில் செருப்பைக் கழற்றும் வழக்கம் உள்ள நமக்கு அதில் வியப்பில்லை.

வீட்டுக்குள் வாருங்கள். வசதியுள்ளவர் வீடு ஓட்டுக் கூரை; வேலை செய்வோர் வீடு வைக்கோல் கூரை. ஓட்டு வீட்டில் ஆண்கள் பகுதி தனி. பெண்கள் பகுதி உள்ளே தனி. வாயிலை ஒட்டிய வரிசை அறைகள் வேலைக்காரர்களுக்கு. பின்புறம் முன்னோரை வழிபடும் சிறு கோயில். வீட்டின் அமைப்பைப் பார்த்தாலே யார் எங்கே நிற்க வேண்டும் என்ற கட்டுப்பாடு விளங்கிவிடும்.

ஓட்டு வீட்டுக்கும் வைக்கோல் வீட்டுக்கும் பொதுவான ஒரு சிறப்பு உண்டு. அதுதான் ஓன்டோல் என்னும் சூடான தரை. கொரியாவில் குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்துவிடும். நம்மைப் போல் வெயிலுக்கு அஞ்சுகிறவர்கள் அல்லர் அவர்கள், குளிருக்கு அஞ்சுகிறவர்கள். அடுப்படியில் சோறு சமைக்க மூட்டும் தீயின் புகையும் வெப்பமும் வெறுமனே வெளியே போவதில்லை. பக்கத்து அறையின் தரைக்கு அடியில் கட்டியுள்ள கால்வாய்கள் வழியே அவை ஓடுகின்றன. கால்வாய்களின்மேல் தட்டையான கற்கள்; கற்களின்மேல் மண் பூச்சு; அதன்மேல் எண்ணெய் ஊட்டிய தடித்த தாள். கல் மெல்லச் சூடேறி, மெல்லவே ஆறும். மாலையில் மூட்டிய தீ விடியும்வரை தரையைக் கதகதப்பாக வைத்திருக்கும். புகை மறுபுறத்துப் புகைபோக்கி வழியே வெளியேறும். அடுப்புக்கு அருகில் உள்ள மூலை மிகச் சூடானது. அந்த இடம் வீட்டுப் பெரியவருக்கு. ஒரே விறகில் சோறும் வெந்தது, உடம்பும் காய்ந்தது. ஏழை வீட்டுத் தாய்மார்களின் சிக்கன அறிவு இதைவிட உயர்ந்ததாக இருக்க முடியுமா?

கோடைகாலத்துக்கு வேறு ஏற்பாடு. அறைகளுக்கு நடுவே மாரு என்ற மரத்தளம் தரைக்குச் சற்று உயரத்தில் இருக்கிறது. அடியிலும் காற்று, முன்னும் பின்னும் காற்று. நம் பக்கத்துத் திண்ணையைப் போலப் பலரும் கூடிப் பேசும் இடம் அதுதான். குளிருக்குக் கல்தரை, வெயிலுக்கு மரத்தரை, இரண்டும் ஒரே கூரையின்கீழ். கதவுகளில் கண்ணாடி இல்லை. மரப்பட்டையிலிருந்து செய்த வலுவான தாள் ஒட்டியிருக்கிறது. வெளிச்சம் அதன் வழியே பால்போல் மென்மையாக உள்ளே இறங்குகிறது.

தவறுகளை எழுதிய அமைச்சர்

அரசியார் வந்த சுங்ஹியோதாங் வீடு ரியூ சொங்ரியொங் என்பவரின் நினைவைத் தாங்குகிறது. இவர் 1542 முதல் 1607 வரை வாழ்ந்தவர். ஜப்பானியப் படையெடுப்பின் போது நாட்டின் தலைமை அமைச்சராக இருந்தவர். போருக்கு முந்திய ஆண்டில், 1591இல், யி சுன்சின் என்ற படைத்தலைவரைக் கடற்படைப் பொறுப்புக்குப் பரிந்துரைத்தவர் இவர்தாம். அந்த யி சுன்சின்தான் பின்னர் கடற்போர்களில் வென்று நாட்டைக் காத்தார். போர் முடியும் வேளையில் எதிராளிகளின் சூழ்ச்சியால் ரியூ பதவி இழந்தார். ஊர் திரும்பி, ஆற்றுக்கு அக்கரையில் இருந்த சிறு வீட்டில் அமர்ந்து, ஒரு நூல் எழுதினார். அதன் பெயர் ஜிங்பிரோக். நேர்ந்த தவறுகளை எண்ணிப் பார்த்து, பின்னால் வரும் கேட்டைத் தவிர்ப்பதற்கான குறிப்பு என்பது அப்பெயரின் கருத்து. வெற்றியைப் பாடும் நூலன்று அது. அரசு எங்கே தவறியது, எச்சரிக்கைகளை ஏன் பொருட்படுத்தவில்லை, மக்கள் எப்படிப் பட்டினி கிடந்தார்கள் என்பதை எழுதிய நூல். இன்று அது கொரியாவின் தேசியச் செல்வங்களில் ஒன்று. எழுத்து பேசிய இரண்டாவது செய்தி இது.

அத்தனை பெரிய பதவியில் இருந்தவர் இறுதிக் காலத்தில் எளிய குடிசையில் வாழ்ந்து மறைந்தார். நாம் காணும் பெரிய வீடு அவருக்குப் பின் அவர் வழிவந்தவர்கள் கட்டியது.

முகமூடியின் சிரிப்பு

இதுவரை துறவியைக் கண்டோம், அமைச்சரைக் கண்டோம். வாயிலோரத்து வரிசை அறைகளில் இருந்தவர்கள் எங்கே? வயலை உழுதவர், விறகு சுமந்தவர், ஆண்டுதோறும் கூரைக்குப் புது வைக்கோல் வேய்ந்தவர் எங்கே?

அவர்களுடைய குரல் ஹாஹுவேயின் முகமூடிக் கூத்தில் இருக்கிறது. மரத்தில் செதுக்கிய இந்த முகமூடிகள் கொர்யோ காலத்தவை என்று கருதப்படுகின்றன. எஞ்சிய பழைய முகமூடிகள் 1964இல் தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்டன. சிலவற்றில் தாடை தனித் துண்டாகச் செய்து கயிற்றால் கட்டப்பட்டிருக்கிறது. ஆடுகிறவர் தலையை நிமிர்த்தினால் முகம் வாய்விட்டுச் சிரிக்கும். குனிந்தால் வாய் மூடிக் கடுகடுக்கும். ஒரே மரமுகம் உயிர்பெற்று விடும்.

இமே என்னும் வெகுளி வேலைக்காரனின் முகமூடிக்கு மட்டும் தாடையே இல்லை. அதற்கு ஒரு கதை. தெய்வத்தின் ஆணைப்படி ஹொ என்ற இளைஞன் யாரும் காணாதபடி அறைக்குள் இருந்து முகமூடிகளைச் செதுக்கி வந்தானாம். அவன்மேல் அன்பு கொண்ட பெண் பொறுக்க மாட்டாமல் எட்டிப் பார்த்துவிட்டாள். அக்கணமே அவன் உயிர் பிரிந்தது. கடைசி முகமூடி தாடை இல்லாமலே நின்றுவிட்டது.

கூத்தில் ஆடியவர்கள் ஊரின் எளிய மக்கள். கேலிக்கு ஆளானவர்கள் யாங்பான் என்னும் மேற்குடியினரும் படித்த பண்டிதர்களும் ஒழுக்கம் தவறிய துறவிகளும். ஒரு காட்சியில் யாங்பானும் பண்டிதரும் யார் பெரியவர் என்று சண்டையிடுகிறார்கள். உயர்குடி என்பதைக் குறிக்கும் கொரியச் சொல்லின் முதல் ஒலி 'நான்கு' என்ற எண்ணைப் போல ஒலிக்கும். ஒருவர் தம் குடிப்பெருமையைச் சொன்னதும், மற்றவர் அந்த நான்கை எட்டாக்கித் தாம் இரு மடங்கு உயர்ந்தவர் என்கிறார். ஒருவர் தாம் கற்ற நூல்களின் எண்ணிக்கையைச் சொன்னால், மற்றவர் இல்லாத நூல்களையும் கூட்டிச் சொல்கிறார். பார்த்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஊர்ப் பெருங்குடியினர் இதைத் தடுக்கவில்லை. கூத்துக்குப் பொருளுதவியும் செய்தார்கள். ஆண்டு முழுதும் அடக்கி வைத்த ஏக்கம் ஒரு நாள் சிரிப்பாக வெளியேறுவது ஊருக்கு நல்லது என்று அவர்கள் கணக்கிட்டிருக்கலாம்.

ஆனால் சிரிப்பு மட்டும் விலங்கை உடைக்கவில்லை. அக்காலத்தில் நோபி என்ற பிறவி அடிமைகள் இருந்தார்கள். தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்ற விதி நெடுங்காலம் நடந்தது. அவர்களை விற்றார்கள், வாங்கினார்கள், சொத்தாகப் பங்கிட்டார்கள். 1801இல் அரசுக்கு உரிய அடிமைகள் 66,000க்கும் மேற்பட்டோரை விடுவித்து அவர்களுடைய பதிவேடுகளை எரித்தார்கள். 1886இல் அடிமைநிலை பரம்பரையாகத் தொடர்வது நிறுத்தப்பட்டது. 1894இல் அடிமைமுறையும் பிறப்பால் வரும் குடிவேறுபாடும் சட்டப்படி ஒழிக்கப்பட்டன. அரசுப் பதவிக்கான பழைய தேர்வு முறையும் அதே ஆண்டு நீங்கியது. பின்னர்ப் பள்ளிக்கூடங்கள் பெருகின; உழைத்தவரின் பிள்ளைகளும் படித்தார்கள்.

ஜப்பானியர் ஆட்சியின் போது, 1928க்குப் பின், ஹாஹுவேயில் கூத்து நின்று போயிற்று. பல பத்தாண்டுகள் கழித்து, முன்பு ஆடியவர்களின் நினைவைக் கேட்டுக் கேட்டு எழுதி, 1970களில் அதை மீட்டெடுத்தார்கள். 1980இல் அரசு அதை நாட்டின் மரபுக் கலையாக ஏற்றது. 2022இல் கொரிய முகமூடிக் கூத்துகளை யுனெஸ்கோவும் போற்றி ஏற்றது. ஒரு காலத்தில் வாயிலோரத்தில் நின்றவர்களின் சிரிப்பு இன்று உலகத்தின் சொத்து.

நாம் எடுத்துச் செல்ல வேண்டியது

நேயர்களே, மாலை மயங்குகிறது. கூரையில் ஒளித்து வைத்த சில வரிகள் ஒரு கோயிலுக்கு வயது சொல்லின. ஓர் அமைச்சரின் குறிப்பு ஒரு நாட்டுக்கு எச்சரிக்கையானது. முதியவர்களின் நினைவை எழுதியதால் நின்றுபோன கூத்து எழுந்தது. இந்த மூன்றிலும் காப்பாற்றியது செல்வமன்று. எழுதி வைத்த கையும், கேட்டு வைத்த செவியும்தான்.

நம் தோட்டங்களிலும் வரலாறு இருக்கிறது. லயத்துக்கு முன்னால் ஆலமரத்தடியில் சூலம் நட்டு, பிறகு தகரக் கூரை போட்டு, பிறகு கோபுரம் எழுப்பியவர்கள் நம் முன்னோர். எத்தனையோ தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்பு நிலங்களாகிவிட்டன. ஆலயம் இடம் மாறும்போது, அதை முதலில் கட்டியவர் யார், எந்த ஆண்டு, பிரட்டுக்களத்திலிருந்து வந்து யார் கல் சுமந்தார்கள் என்ற செய்தியும் சேர்ந்து மறைகிறது. யுனெஸ்கோ வந்து எழுதித் தரும் என்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் ஒரு பாட்டியோ தாத்தாவோ இருந்தால், பிள்ளைகளே, இன்றிரவே பக்கத்தில் உட்காருங்கள். எந்த ஊரிலிருந்து வந்தீர்கள், எந்தத் தீம்பாரில் வேலை செய்தீர்கள், திருவிழாவில் என்ன பாடினீர்கள் என்று கேளுங்கள். பள்ளிக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்திலாவது எழுதி, தேதியும் போட்டு வையுங்கள். பழுது பார்த்த ஆண்டை எழுதிய அந்தக் கொரியத் தொழிலாளிக்குத் தன் எழுத்து அறுநூறு ஆண்டு கழித்துப் படிக்கப்படும் என்று தெரிந்திருக்காது. ஆயினும் அவர் எழுதினார்.